அரைவாசிப் படங்கள்

அவளுக்கு முன்னால் ஒரு வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு எழும்பக் கூடாது. திரும்பி வரும்போது அது முடிந்திருக்கும்.

முதன்முதலில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். யாரோ தொலைபேசியில் அழைத்தார்கள். கையைக் கழுவிவிட்டுப் பல்கனியில் நின்று பத்து நிமிடம் கதைத்திருப்பேன். திரும்பி வந்தால் ஒரு கிலோ மீனும் வெட்டி, கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கிடந்தது. பலகை தேய்த்துச் சாய்த்து வைத்திருந்தது. குப்பைப் பையின் வாய்கூடக் கட்டியாயிற்று. அவள் முதல் இருந்த அதே கதிரையில், ஒன்றும் நடக்காதவள் மாதிரி இருந்தாள்.

"என்ன பிள்ளை இது, வந்த இடத்திலை?" என்றேன்.

"கிடந்தது ரீச்சர்," என்றாள்.

அவ்வளவுதான் அவளுடைய விளக்கம். எதற்கும் அதுதான். என் மகள் அரைவாசி தைத்துவிட்டுக் கட்டிலில் போட்டிருந்த பாவாடையின் விளிம்பு, கோயில் மண்டபத்தில் யாரோ கூட்டிவிட்டுப் பாதியில் விட்ட மூலை, அவளுடைய மாடிக்குக் கீழே இருந்த சிசிலியக் கிழவி கொடியில் காயப்போடத் தொடங்கி மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்ட துணிக்கூடை. எல்லாம் 'கிடந்தது.' ஒன்றையும் அவள் பிறகு சொல்லிக்காட்டியது கிடையாது. நன்றி சொன்னால் நாம் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்றே விளங்காதவள் போலப் பார்ப்பாள்.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்காமல் அவளுடையதை எடுத்தது ஒருமுறை போதும்.

என்னை இந்த ஊரில் எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆறு வருடம் சித்திரம் படிப்பித்தவள் நான். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து பத்தொன்பது வருடமாக வீடுகள் துடைக்கிறேன். ஆனாலும் பட்டம் போகவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பின்திரை, கோயில் திருவிழாவுக்குப் பதாகை, கலியாண மேடைக்கு அன்னப்பறவை, எல்லாம் என் கை. "படம் எண்டால் ரீச்சரைக் கேளுங்கோ" என்பார்கள். வாளியும் துடைப்பமுமாக வியா மக்வேதா தெருவில் நடந்து போகும்போதும் அந்த ஒரு வார்த்தை எனக்குள் நிமிர்ந்து நிற்கும்.

அவள் வன்னியிலிருந்து, போர் முடிந்து சில வருடங்கள் கழித்து வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அல்பெர்கேரியாச் சந்தைப் பகுதியில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. காலையில் மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகள் கழுவுவாள். படித்தது பத்தாம் வகுப்பு வரை. அவள் ஒரு கோடு கீறி நான் பார்த்ததில்லை. அவளை நான் நல்ல வேலைக்காரி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது.

நான் வேலை செய்த வீட்டு அம்மா, சின்யோரா, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. இளவயதில் இங்கிலாந்தில் இருந்தபோது லாக்ரோஸ் விளையாடியவர். நீளத் தடியின் நுனியில் சின்ன வலைப் பை ஒன்று இருக்கும். அதற்குள் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, எதிராளியின் கோலுக்குள் எறிய வேண்டும். அதுதான் விளையாட்டு. ஓடும்போது பந்து விழாமல் தடியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆட்டுதலுக்கு இத்தாலிய மொழியில் சின்யோரா சொன்ன சொல், குழந்தையைத் தாலாட்டுவதற்கு அவர்கள் சொல்லும் அதே சொல். முழங்கால் தேய்ந்த பிறகும் அவர் விடவில்லை. லா பவொரித்தா பூங்காவின் ஓரத்தில் ஒரு மைதானத்தில் இருபது பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணி நடத்தினார். மைதானத்துக்குப் பக்கத்தில் பழைய கல் அறை ஒன்றை அணிக்கென்று திருத்தி, செப்டம்பரில் திறக்க இருந்தார்கள்.

"நீ படம் வரைவாயாமே," என்று ஒருநாள் கேட்டார். "அந்த அறைச் சுவருக்கு நாலு படம் வேண்டும். புகைப்படம் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் விளையாடுவதை யாராவது கையால் வரைந்து பார்க்க வேண்டும்."

எனக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. அவருடைய வீட்டின் பின்னறையில் கன்வசுகளை அடுக்கி, அக்ரிலிக் நிறங்கள் வாங்கி வைத்து, வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் வரைந்தேன். மைதானத்துக்கு ஒரே ஒரு தரம் போனேன். வெயிலில் நிற்க முடியாமல் பைன் மரத்தடியில் இருந்து கைப்பேசியில் நாற்பது படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முதல் படம் ஜூன் கடைசியில் முடிந்தது. கோலுக்கு முன்னால் தடியை உயர்த்தி நிற்கும் பெண். வலையின் ஒவ்வொரு முடிச்சும், கண்ணைக் காக்கும் கம்பிக் கண்ணாடியின் ஒவ்வொரு வளைவும் பிசகாமல் இருந்தது.

சின்யோரா கனநேரம் பார்த்தார். "மிகவும் சரியாக இருக்கிறது," என்றார்.

சரியாக இருக்கிறது. பிள்ளைகளின் கொப்பிகளில் நானே எத்தனையோ தரம் எழுதிய வார்த்தை. அழகானவற்றுக்கு நான் அதை எழுதியதில்லை.

மற்ற மூன்றுக்கும் பென்சில் கோடு மட்டும் போட்டிருந்தபோது ஊரில் அப்பா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஏழு கிழமை போயாக வேண்டும். இந்த ஊரில் வேலை செய்யும் எங்களுக்கு ஊருக்குப் போவதைவிடப் பயம், போகும்போது வேலை வீட்டை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான். பதிலுக்கு நின்றவள் நிரந்தரமாக நின்றுவிட்ட கதை எத்தனையோ. நான் யோசித்து யோசித்து அவளைத் தெரிந்தெடுத்தேன். அவள் எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"ஓகஸ்ட் முழுக்கச் சின்யோரா திராப்பனியிலை தங்கச்சி வீட்டை நிப்பா," என்று வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன். "யன்னலைத் திறந்து காத்து விடும். பூக்கண்டுகளுக்குத் தண்ணி விடும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம் ரீச்சர்."

ஊரிலிருந்து ஒருமுறை அவளுடன் கதைத்தபோது, நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "படம் மூண்டும் அப்பிடியே கிடக்குது. செப்டம்பருக்கு எப்பிடி முடிக்கப்போறன் எண்டு தெரியேல்லை பிள்ளை."

அவள் "ம்" என்றாள். அப்பாவின் இடுப்பைப் பற்றிக் கேட்டாள்.

செப்டம்பர் முதல் கிழமை திரும்பி வந்தேன். அடுத்த நாள் காலை சின்யோரா வீட்டு வாசலில் அவள் திறப்போடு நின்றாள். இருவரும் உள்ளே போனோம். அவள் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னாள்.

"யன்னல் எல்லாம் துடைச்சனான். ஒரு பூக்கண்டு பட்டுப்போச்சு, பிடுங்கிட்டன். குசினிக் குழாய் ஒழுகினது, ஆள் கூப்பிட்டுத் திருத்தினது. படம் மூண்டையும் முடிச்சு வைச்சிருக்கிறன்."

எனக்குக் கடைசி வசனம் காதில் விழுந்தும் விளங்கவில்லை. பின்னறைக்குப் போனேன்.

மூன்று படங்களும் யன்னலுக்கு எதிரே சாய்த்திருந்தன. ஒன்றில் ஒருத்தி ஓடுகிறாள். தடியைக் காதோடு அணைத்திருக்கிறாள். பின்னால் துரத்துபவர்கள் வெறும் மண்நிறத் தீற்றல்கள். அவர்களின் முகம் தெரியாது, ஆனால் வந்து பிடித்துவிடுவார்கள் என்பது தெரியும். அடுத்ததில் நிலத்தில் கிடக்கும் பந்துக்காக மூன்று பேர் குனிந்து முட்டுகிறார்கள். முதுகுகளும் முழங்கால்களும்தான். மூன்றாவதில் கோல் காப்பவள் தனியே நிற்கிறாள். ஆட்டம் எங்கேயோ தூரத்தில் நடக்கிறது. அவள் தலைக்கவசத்தைக் கழற்றாமல், ஒரு கையால் காலுறையை இழுத்துவிடுகிறாள். நான் போட்டு வைத்திருந்த நீல வானத்தை அழித்துவிட்டு, ஆபிரிக்காவிலிருந்து சூடான காற்று வீசும் நாட்களில் இந்த ஊர் வானத்துக்கு வரும் புழுதி மஞ்சளைப் பூசியிருந்தாள். என் பென்சில் கோடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நான் பிழை தேடினேன். உண்மையாகவே, படத்துக்குக் கிட்டப் போய், குனிந்து தேடினேன். குனிந்திருந்தவர்களில் ஒருத்தியின் பெருவிரல் தப்பான பக்கத்தில் இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

"உமக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை ரீச்சர். பின்னேரத்திலை அந்தக் கிறவுண்டிலை போய் இருப்பன். பிள்ளையள் பந்து பொறுக்கித் தரச் சொல்லுவினம். பள்ளிக்கூடத்திலை நானும் ஓட்டத்துக்கு நிண்டனான். பேந்து அண்ணான்ரை மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினனான், கடைசிச் சண்டையிலை, மாத்தளனிலை. ஓடினவைக்குத் தெரியும்தானே, எந்தக் கால் எப்ப நோகும் எண்டு."

அவள் அதையும் குழாய் ஒழுகியதைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள்.

அந்த நேரம் வாசல் கதவு திறந்தது. சின்யோரா திராப்பனியிலிருந்து அன்றுதான் வருவதாக இருந்தார், ஆனால் பின்னேரம். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேரே பின்னறைக்கு வந்துவிட்டார். வந்தவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"இப்போது ஓடுகிறார்கள்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "கெட்டிக்காரி," என்றார்.

அவள் எனக்குப் பின்னால், வாளியோடு நின்றாள். அவளுக்கு இத்தாலிய மொழி விளங்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நன்றி, சின்யோரா," என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. "நீர் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"படத்தைப் பற்றி."

"நீங்கள் தொடங்கினதுதானே ரீச்சர்," என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு நல்லது.

மைதானத்து அறையின் திறப்பு விழாவுக்கு எங்கள் ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். என் கணவர் கோட் போட்டிருந்தார். மகள் அந்த ஓடும் பெண்ணுக்கு முன்னால் நின்று தன் சிநேகிதிகளுக்கு, "என்ர மம்மா கீறினது," என்று இத்தாலிய மொழியிலும் தமிழிலும் சொன்னாள். நான்கு படங்களும் வரிசையாகத் தொங்கின. என்னுடைய முதல் படத்துக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. கடந்து போனார்கள். அவள் பற்றிஸ் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு ஆட்களுக்கு நடுவே போய்வந்தாள். யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன குவளைகளைச் சேர்த்தாள். என்னைப் புகழும்போதெல்லாம் அவள் முகத்தில் உண்மையான சந்தோசம் தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் பொருமியிருந்தால் நாங்கள் இருவரும் ஒரே தரத்துக்கு வந்திருப்போம்.

அங்கேதான் ரோமிலிருந்து வந்த ஒரு பெண், பெண்களின் விளையாட்டைப் பற்றிய ஓவியக் கண்காட்சி ஒன்று நடத்துபவர், என்னைப் பிடித்தார். இதே விளையாட்டில் இன்னும் இரண்டு படம் வேண்டும் என்றார். வசந்த காலத்துக்குள் போதும். நான் தலையாட்டினேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கன்வசில் பென்சிலால் நாலு கோடு கீறினேன். ஒரு தலை, ஒரு தடி. அதைத் துணியில் சுற்றி, நிறங்களையும் பிறஷ்களையும் ஒரு பையில் போட்டு, அல்பெர்கேரியாவில் அவளுடைய மூன்று மாடியும் ஏறினேன்.

"வீட்டிலை வைக்க இடமில்லை பிள்ளை. கொஞ்ச நாள் இஞ்சை கிடக்கட்டும்."

"வைச்சிட்டுப் போங்கோ ரீச்சர்."

பத்து நாள் பொறுத்தேன். அவளை எனக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோராம் நாள் போனேன். அறை துடைத்துவைத்தது போலிருந்தது. கன்வஸ் நான் வைத்த இடத்திலேயே, நான் சுற்றிய துணிக்குள்ளேயே நின்றது. பையின் முடிச்சுக்கூட அவிழவில்லை.

அவள் தேத்தண்ணி வைத்தாள். நான் கன்வசையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டு, எதிரே கட்டிலில் இருந்தாள்.

"அது விடுபட்ட வேலை ரீச்சர்," என்றாள் மெல்ல. "இது வேணுமெண்டு விட்ட வேலை."

தேத்தண்ணி சுடச்சுட இருந்தது. ஒரே இழுவையில் குடித்துவிட்டு, கன்வசையும் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சந்தைக்குள்ளால் நடக்கும்போது மீன்காரர்கள் கத்தும் சத்தம் முழுக்க என்னைப் பார்த்துக் கத்துவது போலிருந்தது.

அந்த இரண்டு படத்தையும் நானே வரைந்தேன். நான்கு மாதம் எடுத்தது. மைதானத்துக்குக்கூடப் போனேன். பார்த்துப் பார்த்து, அவள் செய்தது மாதிரியே முகங்களை அழித்தேன், வானத்துக்குப் புழுதி நிறம் பூசினேன். படம் எடுத்து ரோமுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். கவனமாக வரையப்பட்டிருக்கின்றன என்று எழுதியிருந்தார். ஆனால் பலேர்மோவில் பார்த்த அந்த மூன்று படங்களும் இதே கையால் வரையப்பட்டவையா என்று கேட்டிருந்தார்.

நான் நேரே சின்யோராவிடம் போனேன். உண்மையைச் சொல்லப் போனேன் என்று எழுத ஆசைதான். முறைப்பாடு சொல்லத்தான் போனேன். "என்னைக் கேட்காமல் அவள் என் படங்களில் கை வைத்தாள்," என்று தொடங்கினேன். "நான் போட்ட கோடுகளை அழித்துவிட்டாள். என்னுடைய நிறங்களைப் பாவித்தாள்." கதைக்கக் கதைக்க என் குரல் உயர்ந்தது. நான் சொல்லி முடித்த பிறகு சின்யோரா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூன்றையும் அவளா?"

"ஓம்," என்றேன், அவருக்கு விளங்காத தமிழில். பிறகு தலையை ஆட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. எழும்பி மேசை லாச்சியைத் திறந்து, ரோம் பெண்ணின் இலக்கம் எழுதிய அட்டையை எடுத்தார். "அவளைக் கூட்டிக்கொண்டு வா."

ஆனால் அவள் அப்போது பலேர்மோவில் இல்லை. மாத்தளனில் அவள் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, வடக்கே பொலோஞ்ஞாவில் வேலை எடுத்து, மாமியைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லியிருந்தாள். போய் மூன்று கிழமை ஆகியிருந்தது. போகும் நாளில் கீழ்மாடிச் சிசிலியக் கிழவியின் பல்கனிக் கதவுக்கும் நிறம் பூசி முடித்துவிட்டுப் போனாளாம்.

"அவளுடைய தொலைபேசி இலக்கம்?" என்று சின்யோரா கேட்டார்.

"மாற்றிவிட்டாள். என்னிடம் புதியது இல்லை," என்றேன்.

என்னிடம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். சின்யோரா அந்த அட்டையை என் கையில் வைத்து, எப்போதாவது அவள் எடுத்தால் கொடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு அவள் எடுத்தபோது நான் குளிரைப் பற்றிக் கேட்டேன். இரண்டாம் ஞாயிறு பிள்ளையின் வேலையைப் பற்றி. மூன்றாம் ஞாயிறு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்கை படம் ஏதும் கீறுறனீரே?"

"இல்லை ரீச்சர்," என்று சிரித்தாள். "இஞ்சை ஒருத்தரும் அரைவாசியிலை விட்டு வைக்கினமில்லை."

தொலைபேசியை வைத்த பிறகு என் நெஞ்சு இலேசானது. அவள் வரைவதில்லை. அன்று பின்னேரம் கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு துறைமுகம் வரை நடந்து போனேன். மூவரும் ஐஸ்கிறீம் குடித்தோம். நாப்போலிக்குப் போகும் கப்பல் வெளிக்கிடும்வரை நின்று பார்த்தோம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்துக் கதைத்ததாக மகள் சொன்னாள். "மம்மா, என்ன நடந்தது? ஏதும் நல்ல செய்தியா?"

நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனிக்கு வந்தது, 'அவள் இப்ப கீறுறேல்லையாம்' என்பது மட்டும்தான்.

நாலாம் ஞாயிறு அவள் எடுக்கும்வரை காத்திருக்காமல் நானே எடுத்தேன். சொல்ல வேண்டியதை நின்றபடியே, வேகமாகச் சொன்னேன். ரோமிலை ஓராள் உம்மைத் தேடுறா. சின்யோராவுக்கு எல்லாம் தெரியும். இலக்கம் ஒரு மாதமாக என்ரை பேர்சுக்குள்ளை கிடக்குது. நான்தான் தரேல்லை.

மறுபக்கத்தில் ஒரு பாத்திரத்தைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினாள். பாத்திரம் பாதியில் நின்றிருக்க வேண்டும்.

"பொறுங்கோ, பேனை எடுக்கிறன்," என்றாள். வந்தாள். "இப்ப வாசியுங்கோ ரீச்சர்."

ஏனென்று கேட்கவில்லை. பரவாயில்லை என்று சொல்லவில்லை. நீங்களே கீறுங்கோ என்பாள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். அதையும் சொல்லவில்லை.

நான் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினாள். கடைசி இரண்டும் மிச்சமிருக்க என் வாய் நின்றுவிட்டது. பிழையாக ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பழகிய இத்தனை வருடத்தில், அவளுக்கு முன்னால் பாதியில் நின்ற ஒரு வேலையை அவளால் முடிக்க முடியாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

கடைசி இரண்டையும் நான் சொன்னேன்.